ஸ்பானியத்தின் சண்டைச் சொற்களுக்குத் தமிழ் நிகர்கள்: உதவி வேண்டுகிறேன்

குழுவின் நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்பானிய மொழியை ஆங்கில அகராதியின் துணையோடு கற்று, குடும்பக் கதையொன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் ‘மிஸ் பாத்ரெஸ் டிஸ்குதியேரோன் அனோச்சே’ என்றொரு வரி வருகிறது. ஆங்கிலத்தின் ‘டிஸ்கஸ்’ நினைவில் நின்றதால், பெற்றோர் நேற்றிரவு கலந்து பேசினார்கள் என்று எழுதிவிட்டேன். அவர்கள் வாக்குவாதம் செய்தார்கள் என்பதே அங்கே பொருள். ‘ஆர்குமெந்தோ’ என்பதும் அப்படித்தான்: அது வாதத்துக்கான நியாயத்தையோ கதைக்கருவையோ குறிக்குமே தவிர, சச்சரவை அன்று.

என்னைப் பெரிதும் ஈர்த்த சொல் ‘பெலேயார்’. சண்டையிடுதல் எனப் பொருள்படும் இது, முடியைக் குறிக்கும் ‘பெலோ’விலிருந்து பிறந்தது என அறிந்தபோது, நம் குடுமிப்பிடிச் சண்டை உடனே நினைவுக்கு வந்தது. ஆனால் இச்சொல் கைகலப்புக்கும் வாய்ச்சண்டைக்கும் பொதுவாக வழங்குவதால், கதையில் அண்ணனும் தம்பியும் ‘பெலேயார்’ செய்யும்போது அடித்துக்கொண்டார்களா, திட்டிக்கொண்டார்களா என்று எதைக்கொண்டு தீர்மானிப்பது?

‘பிளெய்தோ’ ஸ்பெயினில் பெரும்பாலும் நீதிமன்ற வழக்கையும், மெக்சிகோவில் சாதாரணத் தகராறையும் குறிக்கிறது. ‘ரெஞிர்’ ஸ்பெயினில் சண்டையிடுவதற்கும் பிள்ளையைக் கண்டிப்பதற்கும் ஒருங்கே வழங்க, மெக்சிகோவில் கண்டிப்பதற்கு ‘ரெகன்யார்’ என்கிறார்கள். என் கதை மாட்ரிட்டில் நிகழ்வது. அங்கே வாழ்ந்தவர்கள் அல்லது ஸ்பானியம் கற்பிப்பவர்கள் இருந்தால், ‘பிரோங்கா’ என்னும் சொல்லுக்கு ரகளை, ஏச்சு ஆகிய இரண்டில் எது எவ்விடத்தில் பொருந்தும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு விளக்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.