காணி வணிகர்களின் செல்வாக்கும் நமது சோலை வரியும்: எங்கே தேடுவது?

அலஸ்தோட்டவாசி:
திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரைக் காணிகள் துண்டு போட்டு விற்கப்படுகின்றன. விளம்பரப் பலகைகளில் ஒரு பேர்ச் (காணி அளவை அலகு) விலை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால், உள்தெருவில் ஓட்டு வீட்டில் வசிக்கும் என் தாயாருக்கும், பிரதான வீதியில் மூன்று மாடி விடுதி கட்டியவருக்கும் வந்த சோலை வரி (வீடு, கட்டடங்களுக்கு உள்ளூராட்சிச் சபை அறவிடும் வரி) அறிவித்தல்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, வேறுபாடு மிகச் சொற்பமாகவே இருந்தது. விடுதிக்குக் குறிக்கப்பட்ட ஆண்டுப் பெறுமதி, அந்த இடம் வெறுங்காணியாகக் கிடந்த காலத்துக்குரியது போலத் தெரிகிறது. காணி வணிகர்கள் பிரதேச சபையில் செல்வாக்குச் செலுத்துவதாகப் பலரும் பேசுகிறார்கள். இதை உறுதிப்படுத்த எதைப் பார்க்க வேண்டும்?

முன்னாள் வருமானப் பரிசோதகர்:
வரிச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் எதுவும் பிடிபடாது. சோலை வரி விற்பனை விலையின் மீதன்றி, ஆண்டுப் பெறுமதியின் மீது, அதாவது அந்த ஆதனத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டொன்றுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய தொகையின் மீது விதிக்கப்படுகிறது. அதை மதிப்பிடுவது அரச விலைமதிப்புத் திணைக்களம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீள்மதிப்பீடு செய்ய வேண்டும் என்பது முறை. ஆனால் சபை முன்வராவிட்டால் அது தள்ளிக்கொண்டே போகும். ஆகவே செல்வாக்குள்ளவர் வரியைக் குறைக்கும்படி எவரிடமும் கேட்க வேண்டியதில்லை, மீள்மதிப்பீடு நடக்காமல் இருந்தாலே அவருக்குப் போதும். அத்தகைய செல்வாக்குக்குத் தீர்மானமும் இராது, கையொப்பமும் இராது.

பிரதேச சபை எல்லைக்குள் வரி தவறிப்போக இன்னொரு வழியும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, அபிவிருத்தியடைந்ததாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் மட்டுமே சோலை வரியை அறவிடலாம்; பிரகடனம் இல்லையென்றால் அங்கே அவ்வரியும் இல்லை. தரகர் அல்லது ஏலக்காரர் ஊடாக விற்கப்படும் காணிக்கு 1 சதவீத வரி அறவிடவும் அதே சட்டம் இடமளிக்கிறது. காணி உறுதிப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதினால், முதல் இலட்சம் ரூபாவுக்கு 3, மிகுதிக்கு 4 சதவீதம் என்ற முத்திரைத் தீர்வையும் சேர்ந்தே குறையும்; மாகாணத்தின் ஊடாகச் சபைக்கு வர வேண்டிய பணம் அது.

உவர்மலை வாசகர்:
கொழும்பில் நடந்ததையும் கவனியுங்கள். தொடர்மாடி வீடுகளின் விற்பனைக்கு 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பெறுமதி சேர் வரியைக் கட்டட முதலீட்டாளர்கள் எதிர்த்தனர். ஆட்சி மாறியதும் அதே ஆண்டு டிசம்பரில் விலக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில், விலை கூடிய சொத்துகளின் கைமாற்ற வரியை உயர்த்தும் யோசனைக்கு எதிராகக் கட்டட உரிமையாளர் அமைப்புகள் நீதிமன்றம் வரை சென்றன. 2024 மார்ச் வாக்கெடுப்பில் அது தோற்றது. அங்கே யார் எதிர்த்தார்கள் என்பதாவது வெளிப்படையாகத் தெரிந்தது.

முன்னாள் வருமானப் பரிசோதகர்:
உண்மைதான். அதனால்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன்: கடைசி மதிப்பீடு எந்த ஆண்டுக்குரியது, அபிவிருத்திப் பகுதிப் பிரகடனம் எந்த வர்த்தமானியில் வெளியானது, காணி விற்பனை வரியாகக் கடந்த ஆண்டுகளில் எவ்வளவு கிடைத்தது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி வேட்பாளர்கள் ஒப்படைத்த தேர்தல் செலவு அறிக்கைகளில் காணி வணிகர்களின் பெயர்கள் உண்டா என்றும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசியுங்கள். மீள்மதிப்பீடு நடந்தால் தங்கள் தாயாரின் வரியும் உயரக்கூடும். காணி வணிகர்கள் அந்த ஏழை வீடுகளைக் காட்டியே மீள்மதிப்பீட்டை எதிர்ப்பார்கள். எனவே சிறு வீடுகளுக்குக் குறைந்த வீதத்தையும் வணிகக் கட்டடங்களுக்குக் கூடிய வீதத்தையும் ஒரே மனுவில் சேர்த்துக் கேட்டு, பாதீடு (வரவு செலவுத் திட்டம்) நிறைவேறுவதற்கு முன்னரே அதைச் சபையில் ஒப்படையுங்கள்.