புதுப்பிப்பு: வெரிலாக்கா, விஎச்டிஎல்லா?

டிஜிட்டல் சுற்றுகளை எழுதி வடிவமைக்கும் மொழிகளான வெரிலாக், விஎச்டிஎல் இரண்டில், யாழ்ப்பாணத்தில் இருந்து தனியாகப் படிக்க எது சுகம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. வெரிலாக்கில் தொடங்கினேன்.

"எழுதிய சுற்றை ஏற்றி ஓட்டும் எஃப்பிஜிஏ பலகை வாங்க முதல் இக்காரஸ் வெரிலாக்கில் ஓட்டி, ஜிடிகேவேவில் அலைவடிவத்தைப் பாருங்கோ" என்று ஒரு அண்ணா சொன்னதுதான் கைகொடுத்தது. முதலாவது சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர், மற்றது சமிக்ஞைகளை வரைபடமாகக் காட்டும் மென்பொருள். இரண்டும் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். கடிகாரத் துடிப்பின் ஏறுமுனையில் (0 இலிருந்து 1 ஆகும் கணத்தில்) ரெஜிஸ்டர்கள் (மதிப்பைச் சேமித்து வைப்பவை) எல்லாம் ஒன்றாக மாறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், அங்கே மதிப்புக் கொடுக்க, உடனே மாற்றும் '=' போடாமல், எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றும் '<=' போடுவது ஏன் என்று பிடிபட்டது.

எதிர்பாராத ஒன்று: பலகையில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் கவுண்டர் பல எண் தாவியது. என் சிமுலேஷனில் இது தெரியவே இல்லை. பொத்தானின் தொடுமுனை சில மில்லிசெக்கன் துள்ளுவதே காரணம். சமிக்ஞையை முதலில் இரண்டு ஃபிளிப்ஃபிளாப் (ஒரு பிட்டைச் சேமிக்கும் சுற்று) வழியாக எடுத்து, 20 மில்லிசெக்கன் (50 மெகாஹெர்ட்ஸில் 10 இலட்சம் துடிப்பு) மாறாமல் இருந்தால் மட்டும் ஏற்கும்படி எழுதினேன். இப்போது சரி.