சேமித்த பக்கம் திறந்ததும் குலைந்துபோகிறது: சீரியலைஸ் செய்யும்போது (பக்கத்தை எழுத்துச் சரமாக மாற்றும்போது) எது விடுபடுகிறது?

கேள்வி:
பிரவுசர் நீட்சி ஒன்றில் பக்கத்தை ஒரே கோப்பாகச் சேமிக்க வேண்டும். எக்ஸ்எம்எல்சீரியலைசரிடம் டாகுமென்ட்டைக் கொடுத்து, கிடைக்கும் சரத்தை பிளாப் (நினைவகத்தில் உள்ள கோப்புத் தரவு) ஆக்கி எச்டிஎம்எல் கோப்பாக இறக்குகிறேன். திறந்தால் ஸ்டைல் பாதி இல்லை. தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரிகின்றன. படிவத்தில் நிரப்பியவை காணோம். அதோடு, பக்கம் ஒரு நொடி தெரிந்துவிட்டு வெறுமையாகிவிடுகிறது.

பதில் 1:
ஸ்டைல் கெடுவதற்கு எக்ஸ்எம்எல்சீரியலைசரே காரணம். ஸ்டைல் டேக்குக்குள் இருக்கும் ">" குறியை அது "&gt;" என்று எழுதிவிடும். எச்டிஎம்எல் பார்சரோ ஸ்டைல், ஸ்கிரிப்ட் இரண்டின் உள்ளடக்கத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளும், "&gt;"ஐத் திருப்பி மாற்றாது. அதனால் ">" வரும் செலக்டர்கள் (ஸ்டைல் எந்த உறுப்புக்கு என்று சொல்பவை) எல்லாம் செல்லாமல் போகின்றன. டாகுமென்ட்எலிமென்ட்டின் அவுட்டர்எச்டிஎம்எல்லுக்கு (டேக்கோடு சேர்ந்த எச்டிஎம்எல் சரம்) மாறுங்கள்.

தமிழ்ச் சிக்கல் வேறு. பிளாப் சரத்தை எப்போதும் யுடிஎஃப்-8 ஆகவே எழுதும். ஆனால் அந்தத் தளம் சார்செட்டை (எழுத்துக் குறியாக்கத்தை) எச்டிடிபி ஹெடரில் மட்டும் சொல்லியிருக்கும். வட்டில் கிடக்கும் கோப்புக்கு ஹெடர் ஏது? யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் ஒன்றுக்கு மூன்று குப்பைக் குறிகள் வரும். ஹெட் தொடங்கியதுமே மெட்டா சார்செட் சேருங்கள், முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி நண்பரே, தமிழ் சரியாகிவிட்டது. ஆனால் இப்போது உயரங்கள் மாறிவிட்டன, பட்டன்களுக்கு நிறமும் இல்லை. ஒரு ஸ்டைல் டேக் காலியாகவே சேமிக்கப்படுகிறது.

பதில் 2:
அவுட்டர்எச்டிஎம்எல்லில் டாக்டைப் (எச்டிஎம்எல் கோப்பின் தொடக்க அறிவிப்பு) வராது. அதனால் பக்கம் குவர்க்ஸ் முறைக்கு (பழைய பக்கங்களுக்கான காட்டும் முறை) போய்விடுகிறது. காம்பேட்மோட் "பேக்காம்பேட்" என்று காட்டினால் இதுதான். சரத்தின் முன்னால் டாக்டைப்பை நீங்களே ஒட்டுங்கள்.

காலி ஸ்டைல் டேக்: ஸ்டைல் விதிகளை இன்சர்ட்ரூல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் முறை வழியாகச் சேர்த்திருக்கிறார்கள். அவை நினைவகத்தில் மட்டும் இருக்கும், டேக்கின் உரையில் இருக்காது. அந்த டேக்கின் ஷீட்டில் உள்ள சிஎஸ்எஸ்ரூல்ஸ் ஒவ்வொன்றின் சிஎஸ்எஸ்டெக்ஸ்ட்டையும் கோத்து, சேமிப்பதற்காக எடுத்த பக்க நகலில் உள்ள டேக்கில் எழுதுங்கள். வேறு டொமைனிலிருந்து வரும் ஷீட்டில் இது செக்யூரிட்டிஎரர் எறியும்; அதை ட்ரை-கேட்சில் பிடித்து, கோப்பைத் தனியாக ஃபெட்ச் செய்ய வேண்டும்.

படிவத்திலும் இதே கதைதான். தட்டியது ப்ராப்பர்ட்டியில் (நினைவகத்தில் உள்ள மதிப்பு) இருக்கிறது, சீரியலைசர் எழுதுவது அட்ரிபியூட்டை (டேக்கிலேயே எழுதியிருக்கும் மதிப்பு). இன்புட்டின் மதிப்பை வேல்யூ அட்ரிபியூட்டாகவும், டெக்ஸ்ட்ஏரியாவின் மதிப்பை உள்ளுரையாகவும், செக்டு, செலக்டடு நிலைகளை அட்ரிபியூட்டாகவும் நகலில் வையுங்கள். கடவுச்சொல் பெட்டிகளைக் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள், கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டுவிடும்.

வெறுமையாவது ஸ்கிரிப்ட் மறுபடி ஓடுவதால். கோப்பு முகவரியில் ரவுட்டருக்கு (முகவரியைப் பார்த்து எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் ஸ்கிரிப்ட்) பாதை பொருந்தாது, இருப்பதைத் துடைத்துவிடும். நகலிலிருந்து ஸ்கிரிப்ட் டேக்குகளை நீக்குங்கள்.

பதில் 3:
ஷேடோ ரூட் (ஓர் உறுப்புக்குள் தனியாக மறைந்திருக்கும் பக்கப் பகுதி) இருக்கும் தளங்களில் மேலே சொன்னது போதாது, அவுட்டர்எச்டிஎம்எல் அதன் உள்ளே போகாது. குரோம் 125, ஃபயர்ஃபாக்ஸ் 128 முதல் கெட்எச்டிஎம்எல் என்ற முறை இருக்கிறது. திறந்த ரூட்களைத் திரட்டி ஷேடோரூட்ஸ் பட்டியலாகக் கொடுத்தால் டெம்ப்ளேட் டேக்காக எழுதித் தரும். கேன்வாஸ் படத்தை மூலத்திலிருந்தே டுடேட்டாயுஆர்எல் மூலம் எடுங்கள், நகலில் வெற்றுப் பரப்புதான் இருக்கும். குரோமுக்கு மட்டும் என்றால் நீட்சிக்கு பேஜ்கேப்சர் அனுமதி வாங்கி எம்எச்டிஎம்எல்லாக (பக்கம் முழுவதையும் ஒரே கோப்பில் அடக்கும் வடிவம்) சேமிப்பது சுருக்கு வழி, ஆனால் அந்தக் கோப்பை ஃபயர்ஃபாக்ஸ் திறக்காது.