ஐ.நா. வேலைக்கு விண்ணப்பம்: தன்னார்வலரா இருந்த 6 மாசத்தை ஏன் விட்ட?

நான்: மாமா, ஜெனிவால ஐ.நா.வோட ஒரு பி-3 (அதிகாரி கிரேடு) போஸ்ட் அவங்க வேலைத் தளமான இன்ஸ்பைரால வந்திருக்கு. மாஸ்டர்ஸும் 5 வருஷ அனுபவமும் கேக்குறாங்க. எனக்கு 4 வருஷம் 8 மாசம்தான் வருது. போட்டுப் பாக்கவா?

ஜெனிவா மாமா: 4 மாசம் குறைஞ்சாலும் முதல் சல்லடையிலயே போயிடும்மா. நீ ஃபார்ம்ல போடுற மாசம் வருஷத்தை வச்சுத்தான் கணக்கு. பி-2க்கு 2, பி-3க்கு 5, பி-4க்கு 7, பி-5க்கு 10. மாஸ்டர்ஸ் இல்லாம டிகிரி மட்டும்னா பொதுவா மேல 2 வருஷம் கூடக் கேப்பாங்க.

நைரோபி அக்கா: இரு இரு. நீ ஐ.நா. தன்னார்வலரா 6 மாசம் இருந்தியே, அதைச் சேத்தியா?

நான்: இல்லக்கா, அது வாலன்டியர்தானேன்னு விட்டுட்டேன்

நைரோபி அக்கா: அடிப்பாவி. யுஎன்வி, அதான் ஐ.நா. தன்னார்வலர் வேலை, முழுசா அனுபவமா சேரும். இப்ப 5 வருஷம் 2 மாசம் ஆச்சா? பார்ட் டைம் வேலைன்னாதான் வெட்டுவாங்க, அரை நேரம் 2 வருஷம் பாத்தா 1 வருஷம். ஒரே சமயத்துல ரெண்டு வேலைன்னா ரெண்டு தடவை எண்ண மாட்டாங்க.

ஜெனிவா மாமா: சரி, அப்ப தாராளமா போடு. ரெஸ்யூமை மறந்துடு, அங்க ஃபார்ம்தான் எல்லாம். ஒவ்வொரு வேலைக்கும் கடமைகள்னு ஒரு பெட்டி இருக்கும்ல, முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறது அங்கதான். "திட்டப் பணிகளில் உதவினேன்"னு எழுதினா படிக்கிறவருக்கு ஒண்ணும் புரியாது. "3 மாவட்டத்துல 40 களப்பணியாளருக்குக் கணக்கெடுப்புப் பயிற்சி கொடுத்தேன், தரவைச் சரிபாத்து மாசாமாசம் அறிக்கை அனுப்பினேன்"னு எழுது. உன் நிஜ எண்ணைப் போடு. விளம்பரத்துல என்ன வார்த்தை இருக்கோ அந்த வார்த்தையே உன் ஃபார்ம்லயும் இருக்கணும்.

நைரோபி அக்கா: பேரு விஷயம் முக்கியம். நம்ம ஊர்ல மார்க்ஷீட்ல இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கும், சிலருக்கு சர்நேம் கட்டமே காலி. ஃபார்ம்ல பாஸ்போர்ட்ல உள்ளபடியே போடு. தேர்வானப்புறம் சான்றிதழ் சரிபாக்கும்போது ரெண்டு பேருலயும் இருக்கிறது ஒரே ஆள்தான்னு காட்டச் சொன்னா தாசில்தார் ஆபீஸுக்கும் நோட்டரிக்கும் அலையணும். இப்பவே ஒரு அஃபிடவிட் எடுத்து வச்சுக்க.

ஜெனிவா மாமா: படிப்புக்கு நேரா காலேஜ் பேரை மட்டும் போட்டுடாத. பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம், அதுதான் வரணும். யுனெஸ்கோவும் பன்னாட்டுப் பல்கலைக்கழகச் சங்கமும் சேந்து வச்சிருக்கிற உலக உயர்கல்விப் பட்டியல் இருக்கு. அதுல உன் பல்கலைக்கழகம் இருக்கான்னு தேடிப் பாரு. அதை வச்சுத்தான் பட்டம் செல்லுமான்னு பாக்குறாங்க.

அம்மா: தம்பி, நீயே அங்கதானே இருக்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ஜெனிவா மாமா: அக்கா, சொன்னா அவளுக்குத்தான் கெடுதல். அப்பா, அம்மா, மகன், மகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஐ.நா. ஊழியரா இருந்தா விண்ணப்பிக்கிறவருக்கு வேலையே தர முடியாதுன்னு ஊழியர் விதி 4.7ல இருக்கு. மாமா அந்தப் பட்டியல்ல இல்ல, அதனால அவளுக்குச் சிக்கல் இல்ல. ஆனா சொந்தக்காரங்க இருக்காங்களான்னு ஃபார்ம்ல கேப்பாங்க, என் பேரை மறைக்காம எழுதட்டும்.

பெரியப்பா: திருச்சில ஒரு ஏஜென்ட் 18,000 கட்டினா ஐ.நா. வேலைன்னு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கான். நீல முத்திரை எல்லாம் போட்டிருக்கே?

நைரோபி அக்கா: பெரியப்பா, பிளாக் பண்ணுங்க 🙏 விண்ணப்பம், இன்டர்வியூ, பயிற்சி, எந்தக் கட்டத்துலயும் ஐ.நா. ஒரு பைசா வாங்காது. பேங்க் நம்பரும் கேக்காது.

நான்: அக்கா, யூனிசெஃப்லயும் ஒரு இடம் பாத்தேன். இன்ஸ்பைரா ப்ரொஃபைலே போதுமா?

நைரோபி அக்கா: போதாது. இன்ஸ்பைரா ஐ.நா. செக்ரட்டேரியட்டுக்கு. யூனிசெஃப், யுஎன்டிபி (ஐ.நா. வளர்ச்சித் திட்டம்) எல்லாம் தனித்தனி தளம், மறுபடி முதல்ல இருந்து நிரப்பணும். கடமைகளை வேர்ட்ல எழுதி வச்சுட்டா ஒட்டிக்கலாம். யூனிசெஃப் போஸ்ட் என்ன கிரேடு?

நான்: என்ஓ-பி, டெல்லி

ஜெனிவா மாமா: என்ஓன்னா நேஷனல் ஆபீசர். அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமான இடம், உனக்கு நல்லதுதான். சம்பளம் ரூபாய்ல, உள்ளூர் அளவுல. பிள்ளைங்க படிப்பு உதவி, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் டிக்கெட்டு, இதெல்லாம் வெளிநாட்டுல இருந்து எடுக்கிற பி கிரேடுக்குத்தான். என்ஓக்குக் கிடையாது. இதைத் தெரியாம சேந்துட்டு அப்புறம் கேட்டுட்டு நிக்கிறவங்க உண்டு.

அம்மா: லீவு, பென்ஷன் எல்லாம் இருக்கா?

ஜெனிவா மாமா: அது ஒப்பந்தத்தைப் பொறுத்ததுக்கா. ஃபிக்ஸட் டேர்ம்னா மாசத்துக்கு 2.5 நாள், வருஷத்துக்கு 30 நாள். 60 நாள் வரைக்கும் அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகலாம். டெம்பரரின்னா மாசத்துக்கு 1.5 நாள்தான். கன்சல்டன்ட்னா லீவும் இல்ல, பென்ஷனும் இல்ல, ஊழியர்ங்கிற கணக்குலயே வராது. வருமான வரி விலக்கும் ஊழியர் சம்பளத்துக்குத்தான், கன்சல்டன்ட் ஃபீஸுக்கு இல்ல. அதனால தொகையைப் பாக்குறதுக்கு முன்னாடி ஒப்பந்த வகையைப் பாரு.

நைரோபி அக்கா: பிரசவ லீவு இப்ப நல்லா இருக்கு அத்தை. 2023 ஜனவரியில இருந்து எல்லாப் பெற்றோருக்கும் 16 வாரம், பெத்த தாய்க்கு மேல 10 வாரம், ஆக 26.

ஜெனிவா மாமா: பென்ஷனைக் கவனமாக் கேளு. பென்ஷன் கணக்குக்குன்னு ஒரு சம்பளம் வச்சிருப்பாங்க. அதுல 7.9% உன்கிட்ட பிடிப்பாங்க, நிறுவனம் 15.8% போடும். ஆனா 5 வருஷம் முடிஞ்சாத்தான் பென்ஷன் உரிமை. 4 வருஷம் 11 மாசத்துல விட்டுட்டு வந்தா உன் பணமும் 3.25% வட்டியும் கைக்கு வரும், அந்த 15.8% ஃபண்டுலயே நின்னுடும். வேற வேலை கிடைச்சுதுன்னு அந்த ஒரு மாசம் பொறுக்காம வர்றவங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும்.

நான்: 😳 இன்டர்வியூ எப்படி மாமா?

ஜெனிவா மாமா: முதல்ல எழுத்துத் தேர்வு இருக்கலாம். அப்புறம் குழு இன்டர்வியூ. "நீங்க என்ன செய்வீங்க"ன்னு கேக்க மாட்டாங்க, "செஞ்சது ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. என்ன நிலைமை, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செஞ்ச, முடிவு என்ன, இந்த வரிசையில 3 நிமிஷத்துல சொல்லிப் பழகு. "நாங்க செஞ்சோம்"னே பேசிட்டிருந்தா உனக்கு மார்க் விழாது. அடக்கம்லாம் நம்ம வீட்டுல வச்சுக்கலாம்.

நைரோபி அக்கா: தேர்வாகி அந்த இடம் கிடைக்கலன்னாலும் ரோஸ்டர்ல, அதாவது தேர்வானவங்க பட்டியல்ல, பேரு இருக்கும். அதே மாதிரி, அதே கிரேடு இடம் வந்தா மறுபடி இன்டர்வியூ இல்லாம எடுக்கலாம். ஆனா நீ விண்ணப்பம் போட்டாதான், அவங்களாத் தேடி வருவாங்கன்னு உக்காந்துடாத. ஆள் எடுக்கிறதை 120 நாள்ல முடிக்கணும்னு இலக்கு வச்சிருக்காங்க, இழுத்துக்கிட்டும் போகும்.

நான்: கடைசி நாள் 14ன்னு போட்டிருக்கு. அன்னிக்கு ராத்திரி 12 வரைக்குமா?

நைரோபி அக்கா: நியூயார்க் நேரம் 11:59. அங்க கோடைக் கணக்குன்னா நமக்கு 15ஆம் தேதி காலைல 9:29, குளிர்காலம்னா 10:29. அதை நம்பிக்கிட்டு காலைல காபி குடிச்சுட்டு உக்காராத, கடைசி நேரத்துல தளம் தடுமாறும். 12ஆம் தேதியே அனுப்பு. சப்மிட் அழுத்தினப்புறம் ப்ரொஃபைலைத் திருத்தினாலும் போன விண்ணப்பம் மாறாது.

ஜெனிவா மாமா: விளம்பரத்தை பிடிஎஃப்பா சேவ் பண்ணி வச்சுக்க. தேதி முடிஞ்சா தளத்துல இருந்து எடுத்துடுவாங்க, 3 மாசம் கழிச்சு இன்டர்வியூக்குக் கூப்பிடும்போது எந்த வேலைன்னே நினைவு இருக்காது.

நான்: பண்ணிட்டேன் மாமா. யுஎன்வி 6 மாசத்துக்குக் கடமைகளை எழுதி இன்னிக்கு ராத்திரி இங்கயே போடுறேன், பாத்துச் சொல்லுங்க.

அம்மா: அந்த அஃபிடவிட்டுக்கு எவ்வளவு ஆகும்னு யாராச்சும் சொல்லுங்கப்பா