ஆதாமின் பாவம் என் மகள் மேல் எப்படி?

கேள்வி:
படைப்பு "மிகவும் நன்றாயிருந்தது" என்று பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் 1:31 சொல்கிறது. மூன்றாம் அதிகாரத்திலேயே வீழ்ச்சி: ஆதாமும் ஏவாளும் தேவன் விலக்கிய கனியைத் தின்கிறார்கள். சரி, ஆனால் அந்தக் குற்றம் பிறந்து சில வாரமே ஆன என் மகள் மேல் எப்படி வரும்? மனசு ஒப்பவில்லை.

பதில் 1:
சபைகளுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. ஆதாமின் குற்றத்திலேயே நமக்கும் பங்குண்டு என்றார் பழங்கால இறையியலாளர் அகஸ்தீன். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபையோ, நாம் பெறுவது சாவையும் பாவத்துக்குச் சாயும் இயல்பையும்தான், குற்றத்தை அல்ல என்கிறது. எசேக்கியேல் 18:20 பாருங்கள்: தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

பதில் 2:
பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ஒருவனால் (ஆதாமால்) பாவம் வந்தது என்ற பவுல், ஒருவராலேயே (இயேசுவாலேயே) மீட்பும் என்கிறார். அப்புறம் ஆதியாகமம் 3:21: ஏதேன் தோட்டத்தை விட்டு வெளியே அனுப்பும் முன்பே தேவன் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் உடை செய்து உடுத்துகிறார்.

கேட்டவர்:
3:21-ஐ இப்படி யோசித்ததே இல்லை. எசேக்கியேல் 18-ஐ இன்றே முழுதாகப் படிக்கிறேன்.