சங்கத் தலைவர் கொடுங்கோலன் ஆவதை வீதி நாடகத்தில் எப்படிக் காட்டுவது?

வியாசை_நாடகம்:
மே தினத்துக்கு 40 நிமிஷ வீதி நாடகம். களம் காசிமேடு மாதிரி ஒரு மீன்பிடித் துறைமுகம், கதை முழுக்கக் கற்பனை. மீன்கூடை தூக்குற மாசிலாமணி சங்கத் தலைவராகி, கடைசியில யாரும் வாய் திறக்க முடியாதபடி ஆக்கிடுறான். ஆனா முதல் காட்சியிலயே வில்லனாத் தெரியறான். அப்புறம் ஜனங்க ஏன் அவன் பின்னாடி போறாங்கங்கிற கேள்விக்கு நாடகத்துல பதில் இல்ல. எங்க மாத்தலாம்?

ராயபுரம்_வாசகர்:
முதல் 10 நிமிஷத்துல அவனுக்கு நிஜமான ஒரு வெற்றி கொடுங்க தோழர். கூலி பாக்கி நிக்குது, பழைய நிர்வாகம் மழுப்புது, அவன் வாங்கித் தர்றான். அதுல எந்தச் சூதும் வேண்டாம். அந்த நன்றிக்கடன்தான் பின்னாடி ஜனங்க வாயைக் கட்டும்.

அதிகாரம் கைமாறுறதை அடிதடியில காட்டாதீங்க, கூட்டத் தீர்மானங்களை எழுதி வைக்கிற மினிட்ஸ் புத்தகத்துல காட்டுங்க. முதல் தீர்மானம்: வேலைநிறுத்தம் முடியுற வரைக்கும் செலவுக்குத் தலைவர் கையெழுத்து மட்டும் போதும். அடுத்தது, கணக்குக் கேட்ட பொருளாளரை மாத்துறாங்க. பிறகு பொதுக்குழுவைத் தள்ளிவைக்கிறாங்க. நாலாவதா தேர்தலே கிடையாது. முதல் மூணுக்கும் சொல்ற காரணம் நியாயமா ஒலிக்கணும். வட்டமா நிக்கிற ஜனங்களையே கை தூக்கச் சொல்லுங்க. நாலாவதுக்கு அவன் கேக்கவே கூடாது. "நிறைவேறியது"ன்னு புத்தகத்தை மூடிடணும்.

ஜெர்மனியில நடந்த வரிசையைப் பாருங்க. 1933 ஜனவரி 30-ல இட்லர் சட்டப்படிதான் சான்சலர், அதாவது அரசாங்கத் தலைவர் ஆனான். பிப்ரவரி 27 ராத்திரி நாடாளுமன்றக் கட்டடம் எரிஞ்சது, மறுநாளே அடிப்படை உரிமைகளை நிறுத்தி வச்சாங்க. மார்ச் 23-ல சட்டம் போடுற அதிகாரத்தை நாடாளுமன்றமே ஓட்டுப் போட்டு அவன் அரசாங்கத்துக்குக் கொடுத்துச்சு.

தண்டையார்பேட்டை_மேடை:
காகிதம் மட்டும் போதாது. அந்த மார்ச் 23 ஓட்டெடுப்புல கூடத்துக்குள்ளயே நாஜி அடியாட்படை நின்னுச்சு. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் உள்ள வரவே முடியல. எதிர்த்து ஓட்டுப் போட்ட 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரங்க. அவங்களை மாதிரி ஒரு ஆள் உங்க நாடகத்துல கட்டாயம் வேணும்.

அடியாட்களைத் திடீர்னு இறக்காதீங்க. ஆர்வெலோட 'விலங்குப் பண்ணை' நாவல்ல (1945) நெப்போலியன்ங்கிற பன்றி 9 நாய்க்குட்டிகளைப் படிப்புச் சொல்லித் தர்றேன்னு ஆரம்பத்துலயே தூக்கிட்டுப் போயிடும். மத்த மிருகங்க அதை மறந்தே போயிடும். காற்றாலை கட்டுறது பத்தின விவாதத்துல போட்டிப் பன்றி ஸ்னோபால் ஜெயிக்கப்போற நேரத்துல அதே குட்டிங்கதான் வளர்ந்து வந்து அதைத் துரத்தும்.

உங்க 2-வது காட்சியில வேலையில்லாத நாலு பசங்களை ஐஸ் ஏத்துற இடத்துல வரிசையைப் பார்த்துக்க வைக்கட்டும். ஆளுக்கொரு சிவப்புத் துண்டு. அப்பதான் பின்வரிசைக்கும் அடையாளம் தெரியும். நல்ல காரியம்னு எல்லாரும் பாராட்டணும். பொருளாளர் பேச எழும்புறப்ப அதே நாலு பேர் அவரைச் சுத்தி வந்து நிக்கட்டும். கை ஓங்கினா காட்சி கெட்டுடும்.

வியாசை_நாடகம்:
நன்றி தோழர்களே. அப்ப பொருளாளருக்கு வசனம் வேணுமா? முடிவுல மாசிலாமணி ஜனங்க கையால சாகுற மாதிரி எழுதியிருக்கோம்.

ராயபுரம்_வாசகர்:
பொருளாளர் "கணக்கை வாசிங்க"ன்னு ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டாப் போதும். அவர் பக்கத்துல ஒரு மீன்காரம்மாவை நிறுத்துங்க. அவர் சொல்றது உண்மைன்னு அந்தம்மாவுக்குத் தெரியும், ஆனா ஏலத்துல முதல் கூடை கிடைக்க வச்சது மாசிலாமணி. அந்தம்மா தலை குனியுற இடத்துக்கு அரை நிமிஷம் ஒதுக்குங்க. கொடுங்கோன்மை அங்கதான் கண்ணுக்குத் தெரியும்.

சாவை எடுத்துடுங்க. அவன் செத்துட்டா பார்க்கிறவங்க நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க, அவங்களே கை தூக்கின மூணு தீர்மானமும் மறந்துடும். புதுசா ஒருத்தர் அதே மினிட்ஸ் புத்தகத்தைக் கையில வாங்கினாப் போதும். சாவுக் காட்சி போனா மிச்சமாகுற நேரத்தை மூணாவது தீர்மானத்துக்குக் கொடுங்க, வழக்கமா அங்கதான் அவசரமா ஓடுவாங்க.