முட்டுநிலை, இழுநிலை: இருவர் சேர்ந்து செய்யும் ஜிம்னாஸ்டிக்ஸுக்குச் சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். புதன்கிழமை கொடுத்தாக வேண்டும். இடமும் வலமும் ஒன்றுபோல அமையும் அசைவுகளுக்குச் 'சமச்சீர்' என்று போட்டிருக்கிறேன், கணக்குப் புத்தகத்தில் 'சமச்சீர்க் கோடு' ஏற்கெனவே இருப்பதால். குட்டிக்கரணம், கைகால் விரித்துக் குதிப்பது எல்லாம் இதில் அடங்கும். ஒற்றைக்காலில் நிற்பதும் பக்கவாட்டில் சக்கரம்போலச் சுழல்வதும் 'சமச்சீரற்றவை'. ஆனால் அடுத்த பாடத்திலேயே 'சமநிலை' வருகிறது. 'சமச்சீரற்ற சமநிலை' என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

அப்புறம் இருவர் செய்வது. முதுகோடு முதுகு சாய்ந்து, ஒருவரையொருவர் தள்ளியபடி நிற்பது ஒரு வகை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருவரும் பின்னால் சாய்வது இன்னொரு வகை. இரண்டுக்கும் தனிப்பெயர் வேண்டும். கீழே தாங்கும் பிள்ளைக்கும் மேலே ஏறும் பிள்ளைக்கும்கூட.

—

ஐயா, 'சமம்' வடசொல். 'ஒப்புரு', 'ஒவ்வாவுரு' என்று ஆளலாமே. தாங்குபவரை 'அடியர்', ஏறுபவரை 'முடியர்' எனலாம். இரண்டும் பகுதியும் விகுதியும் சரியாக அமைந்த சொற்கள்.

—

> 'சமம்' வடசொல்

குறள் 118ஐப் பாருங்கள்: 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்'. சமனும் சீரும் ஒரே அடியில் இருக்கின்றன. தராசு இருபுறமும் ஒத்த வடிவம், எடை ஒத்தால் அசையாத நிலை. இந்தப் பாடத்தின் இரண்டு கருத்தும் அந்த ஒரு கோலில் இருக்கும்போது நாம் எதற்கு வேறு சொல் தேட வேண்டும்? 'தூக்கு' என்பதற்கு நிறுப்பது, உயர்த்துவது என்று இரண்டு பொருளும் உண்டு, தாங்குபவருக்கு அந்த வேரிலிருந்தே ஒரு சொல் எடுக்கலாம். கயிற்றில் ஆடுவோரின் பறையைக் குறுந்தொகை 7ஆம் பாட்டு சொல்கிறது, வாகை நெற்று காற்றில் ஒலிப்பதற்கு உவமையாக. கழைக்கூத்தர்கள் பரம்பரையாக இந்த வேலையைத்தான் செய்தார்கள். அவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த சொற்களை யாராவது கேட்டுக் குறித்திருந்தால் நமக்கு இன்று இந்தச் சிக்கலே வந்திருக்காது.

—

உடற்கல்வி ஆசிரியராக ஒரு வார்த்தை. 'ஒவ்வா' என்றாலே பிள்ளைகளுக்கு ஒவ்வாமைதான் நினைவுக்கு வரும். 'அடியர்' என்பது ஒரே வாரத்தில் 'அடியாள்' ஆகிவிடும், அந்தப் பெயரை எந்தப் பெற்றோரும் ஏற்கமாட்டார்கள். 'தாங்குபவர்', 'ஏறுபவர்' போதும்.

மைதானத்தில் 40 பிள்ளைகள் நிற்கும்போது நான் கத்தும் சொல் காதில் விழுந்ததுமே உடம்பு அதைச் செய்ய வேண்டும். சாய்ந்து தள்ளுவதற்கு 'முட்டுநிலை'. சுவருக்கு முட்டுக் கொடுப்பதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. பின்னால் சாய்வதற்கு 'இழுநிலை'. கைகோத்துத் தட்டாமாலை சுற்றியவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்: கையை விட்டால் இருவருமே விழுவார்கள். விரலைப் பிடிக்காமல் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடிக்கச் சொல்வதும் அதனால்தான், கையேட்டில் அந்த வரி விட்டுப்போகக் கூடாது.

தாங்குபவர் மேசைபோல நான்கு காலில் நிற்கும்போது கை தோளுக்கு நேர் கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே இருக்க வேண்டும். ஏறுபவர் தோளுக்கு மேலோ இடுப்புக்கு மேலோ எடையை வைக்கலாம், நடுமுதுகில் ஒருபோதும் வைக்கக் கூடாது. 3 நொடி அசையாமல் இருந்தால் போதும். சொல்லைப் பற்றி எவ்வளவு பேசினாலும் இந்த இடத்தில் மொழிபெயர்ப்பு தவறினால் ஒரு பிள்ளைக்கு அடிபடும்.

—

எங்கள் பக்கம் இரண்டு பேரைச் 'சோடி' என்போம். 'சோடிச் சமநிலை' என்றால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு விளக்கம் தேவையில்லை. 'இணை' எழுத்தில் வரட்டும், ஆனால் அடைப்புக்குள் 'சோடி'யும் இருக்கட்டும்.

—

'முட்டுநிலை', 'இழுநிலை' இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. அவை விசையை மட்டும் சொல்கின்றன. கால்விரல்கள் தொடும்படி நின்று இழுக்கும்போது எடை கூடிய பிள்ளை குறைவாகச் சாய வேண்டும், மெலிந்த பிள்ளை அதிகமாகச் சாய வேண்டும். எடையும் தூரமும் சேர்ந்துதான் சமனாகிறது. 'எதிர்ச்சமநிலை' என்றால் எட்டாம் வகுப்பு இயற்பியலுக்கும் அதே சொல் உதவும்.

—

ஐயா, எவ்வளவு சாய்வது என்பதைப் பிள்ளைகள் இரண்டாம் முயற்சியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெயர் தெரியாமலே.

—

எல்லோருக்கும் நன்றி. காலையில் அனுப்பிவிட்டேன். 'சமச்சீர்', 'இணைச் சமநிலை (சோடி)', 'முட்டுநிலை', 'இழுநிலை', 'தாங்குபவர்', 'ஏறுபவர்'. 'எதிர்ச்சமநிலை' ஆசிரியர் குறிப்பில் ஒருமுறை வருகிறது. 'சமச்சீரற்ற' என்பதற்கு வேறு கிடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

—

அதைத்தான் விட்டிருக்கக் கூடாது. ஒற்றைக்காலில் கைவிரித்து நிற்பது எவ்வளவு கடினம், எவ்வளவு அழகு! அதற்கு 'அற்ற' என்று ஒரு குறைப்பெயரா? அடுத்த அச்சுக்குள் 'ஒருபுறநிலை'யைப் பரிசீலியுங்கள். நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.